கறுத்த ஆயில் என்ன பாவம் செய்தது?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. அதைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நடுவில் மை கொட்டியதுபோல ஒரு கறை.

"திங்கக்கிழமைதானண்ணே ஆயில் மாத்துனீங்க? மூணே நாள். ஆயில் கம்பிய உருவித் தொடச்சுப் பாத்தா தார் மாதிரி இருக்கு. என்ன ஆயில்ணே ஊத்துனீங்க?"

கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. போலி ஆயிலை ஊற்றிக் காசு பார்த்துவிட்டாய் என்பதுதான் அதன் பொருள்.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ சொன்னேன். டீசல் கார். மூன்று நாளில் முசிறிக்கும் திருச்சிக்குமாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. "கறுக்காம இருந்திருந்தாத்தான் தம்பி நீங்க என்னைச் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் நம்பாததற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செங்காவியாக ஓடும் ஆறு

என் பட்டறையிலிருந்து காவிரி கூப்பிடு தூரம். ஆடியில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் செங்காவி நிறத்தில் புரண்டு வரும். ஆறு வண்டலைச் சுமந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். தண்ணீர் குறைந்து அங்கங்கே குட்டையாக நிற்கும் நாளில் அதே ஆறு கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். காலை வைத்துப் பாருங்கள், அடியில் சேறு கணுக்கால்வரை இழுக்கும்.

எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். அது வெறும் வழவழப்புக்காக ஊற்றும் எண்ணெய் அல்ல. டப்பாவில் இருப்பதில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மீதி, ரசாயனக் கலவைகள். அந்தக் கலவையில் ஒன்று உலோகத்தில் ஒட்டிய கசடைக் கழுவும். ஒன்று, கழுவி எடுத்த கரித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் பிரித்தே வைத்திருக்கும். இன்னொன்று, எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த இன்னொன்று, இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும்.

டீசல் எரிந்தால் கரி வரும். தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத துகள். பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையில் நுழைந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு வந்துவிடும். நல்ல ஆயில் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், அதனால் கறுக்கும். போதாததற்கு, எவ்வளவுதான் வடித்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் எஞ்சினுக்குள் தங்கிவிடும். ஒரு குடம் தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுந்த கதைதான். ஓடிப் பழகிய டீசல் எஞ்சினில் புது ஆயில் முதல் நாளே கறுப்பதும் உண்டு.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். கேஸில் ஓடும் ஆட்டோக்கள் என்னிடம் வரும். அவற்றின் ஆயிலைக் கம்பியில் எடுத்துப் பார்த்தால் மாற்றவேண்டிய கெடு தாண்டிய பிறகும் தெளிவாக இருக்கும். கேஸ் எரிந்தால் கரி அவ்வளவாக வராது. ஆனால் சூட்டில் அந்த ஆயில் உள்ளுக்குள் கெட்டிப்பட்டு, அமிலத்தை முறிக்கும் சக்தியை இழந்திருக்கும். ஓட்டுநர் கம்பியைப் பார்த்து "இன்னும் நல்லாத்தான இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த மாதமும் அதே பதில்தான்.

டீசலில் நல்ல ஆயில் கறுப்பாக இருக்கிறது, கேஸில் செத்த ஆயில் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்லும் ஒரு சாட்சியை வைத்துத்தான் நாம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நானும் காட்டியிருக்கிறேன்

1993-ல் பட்டறை திறந்தபோது வாரத்துக்கு நாலு வண்டி வந்தால் அதிகம். வாடகை நிற்கும். அப்போது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் வித்தையைத்தான் நானும் செய்தேன். பிரேக் பார்க்க வந்தவரிடம் கம்பியை உருவிக் காட்டுவது. விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகத்தைச் சுளித்து, "ஆயில் செத்துப்போச்சுண்ணே" என்பது. கறுப்பைப் பார்த்ததும் எதிரில் நிற்பவர் முகம் மாறும். மறுபேச்சு இருக்காது.

அந்த ஆயிலில் பாதி இன்னும் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடியிருக்கும். வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்றும் சொல்ல முடியாது. நானே அதை நம்பினேன். மேஸ்திரி நம்பினார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் நம்பியிருப்பார். அவர்கள் காலத்து ஆயிலில் இத்தனை கலவைகள் கிடையாது. அடிக்கடி மாற்றுவதுதான் அன்றைக்கு வழி. ஆயில் மாறிவிட்டது, எங்கள் கண் மாறவில்லை.

விரலில் தேய்த்துப் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில், தண்ணியாக இருந்தால் மட்டம் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி சூட்டில் அதன் பிசுக்கு நூறு சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும். எஞ்சின் சூடேறி 100 டிகிரிக்கு வந்ததும் பதினான்கு, பதினைந்துக்கு இறங்கிவிடும். ஏழில் ஒரு பங்கு. ஆயில் வேலை செய்வது அந்தச் சூட்டில். நம் விரலோ முப்பத்தைந்து டிகிரியில் நின்று தீர்ப்புச் சொல்கிறது.

இந்தச் சட்டத்தால் புது வண்டிகள் படும் பாடு பெரிது. 0டபிள்யூ-20 ஊற்றச் சொல்லிக் கம்பெனி புத்தகத்தில் அச்சடித்திருக்கும். "இது தண்ணி மாதிரி இருக்கே, நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்குமா?" என்று 20டபிள்யூ-50 கேட்டு வாங்கி ஊற்றுவார்கள். அந்த எஞ்சினின் ஆயில் வழிகள் மெல்லிய ஆயிலுக்காகவே துளைத்தவை. காலையில் சாவி போட்டதும் கெட்டி ஆயில் மேலே ஏறச் சுணங்கும். அந்தச் சில நொடிகளில்தான் எஞ்சின் அதிகம் தேய்கிறது.

தேன் நிறத்தில் வந்த வினை

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஆயில்களிலேயே அழகானது 2009-ல் வாங்கிய ஒரு பக்கெட். தேன் நிறம். சூரிய வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று வேறொரு கடையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். பக்கெட்டுக்கு 400 ரூபாய் குறைவு. மூடியில் முத்திரை இருந்தது. விரலில் தேய்த்தேன், நல்ல கெட்டி.

மணல் லாரி ஒன்றுக்கு ஊற்றினேன். ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. துறையூர் ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இறக்கிப் பிரித்தால் பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்து கிராங்க்கோடு ஒட்டிக்கிடந்தன. கிராங்க்கை லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்தோம். செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. வாயே திறக்காமல்தான் கழற்றிக் கொடுத்தாள். அந்த மௌனம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பட்டறைகளில் வடித்த கழிவு ஆயிலை வாங்கிக் கந்தக அமிலம் விட்டுக் கசடை இறக்குகிறார்கள். வெளுக்கும் களிமண்ணைப் போட்டு வடிகட்டுகிறார்கள். கறுப்பு போய்விடும். தேவையானால் கொஞ்சம் சாயம். பிரபல கம்பெனியின் காலி டப்பாவில் ஊற்றினால் முடிந்தது. கழிவு ஆயிலை முறையாகக் காய்ச்சி வடித்துத் திரும்ப நல்ல அடிப்படை எண்ணெய் எடுக்கும் உரிமம் பெற்ற ஆலைகளும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. திருட்டுச் சரக்கில் கலவைகள் எதுவும் இருக்காது, நிறம் மட்டும் இருக்கும். ஆயிலில் போலி செய்ய ஆகச் சுலபமானது நிறம்தான். வாங்குகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

நல்ல ஆயிலே பல நிறங்களில் வரும். நவீன முறையில் சுத்திகரித்த அடிப்படை எண்ணெய் தண்ணீர்போல வெளுப்பாக இருக்கும். அதற்குப் பழுப்பு நிறம் கொடுப்பது பெரும்பாலும் கலவைகள்தான். சில கம்பெனிகள் அடையாளத்துக்காகச் சிவப்பு, பச்சை சாயம் சேர்க்கின்றன. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த ஆயில் டப்பாவைத் திறக்கும்போதே கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பழைய ஆயிலை அடைச்சுக் குடுத்துட்டான்" என்று திருப்பிக் கொடுக்கப் போனவரையும் எனக்குத் தெரியும்.

'வண்டி பஞ்சு மாதிரி ஓடுது'

சரி, நிறத்தை விடுங்கள், வண்டி ஓடுகிற ஓட்டத்தில் தெரியாதா என்பார்கள். பிக்கப், மைலேஜ், சத்தம் இவைதானே அத்தாட்சி?

சில வருடங்களுக்கு முன்பு பள்ளி ஆசிரியர் ஒருவர் பைக்கை சர்வீசுக்கு விட்டார். என்னிடம் வேலை பழகிய பையன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தான், டேப்பெட் வைத்தான், செயினுக்கு எண்ணெய் போட்டான். ஆயிலை மாற்ற மறந்துவிட்டான். அவருக்காக எடுத்து வைத்த டப்பா அலமாரியில் இருந்ததை வண்டி போன பிறகுதான் கவனித்தேன். மறுநாள் கூப்பிடலாம் என்று இருந்தபோது அவரே வந்தார், கையில் பழத்தோடு. "என்ன ஆயில் தம்பி ஊத்துன? வண்டி பஞ்சு மாதிரி ஓடுது. இனிமே இதே ஆயில்தான்." நான் தலையைச் சொறிந்தேன். உண்மையைச் சொல்லி, ஆயிலை மாற்றிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது சொன்னார்: "அன்னைக்கு ஓடுன மாதிரி இப்ப ஓடலப்பா."

சர்வீஸ் விட்டால் வண்டியில் பத்து விஷயம் மாறுகிறது. பாராட்டு மட்டும் ஆயிலுக்குப் போகிறது. பணம் கொடுத்த மனசும் காதுக்கு ஒத்தாசை செய்யும்.

இதைவிட மோசமானது, ஓட்டத்தையும் வேண்டுமென்றே ஏமாற்ற முடியும் என்பது. பழைய வண்டி விற்கும் புரோக்கர்கள் சிலர், தட்டுச் சத்தம் கேட்கும் எஞ்சினில் 90 நம்பர் கியர் ஆயிலைக் கொஞ்சம் கலந்து ஊற்றுவார்கள். தேய்ந்த இடைவெளிகளைக் கெட்டி ஆயில் அடைத்துக்கொள்ளும். சத்தம் அடங்கும், நீலப் புகை குறையும். வாங்குகிறவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று அட்வான்ஸ் கொடுப்பார். ஒரு மாதத்தில் என்னிடம் வருவார்.

ஓட்டம் ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. பைக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில். கியர்ப் பற்கள் அதை அரைத்து அரைத்து மெலியவைக்கும். முன்பு வெண்ணெய்போல விழுந்த கியர் இப்போது முரண்டு பிடித்தால், ஆயில் முடிந்தது என்பதற்கு அது நம்பத்தகுந்த குறி. காருக்கு ஊற்றும் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் கலவை இருப்பதுண்டு. அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் தேய்மானம் என்ற பெரிய விஷயம் ஓட்டத்தில் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். பேரிங் தட்டும் சத்தம் காதில் விழுந்த பிறகு ஆயிலைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

பொன்மலையில் ஒரு சொட்டு

என் கண்ணைத் திறந்தவர் என் சித்தப்பா. பொன்மலை டீசல் ஷெட்டில் ஆயில் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 2009 கதைக்குப் பிறகு நொந்துபோய் அவரிடம் போனேன். "நீ கலரைப் பாத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர்கள் பராமரித்த எஞ்சின்கள் 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். சம்ப்பில் ஆயிரம் லிட்டருக்குப் பக்கத்தில் ஆயில் பிடிக்கும். கறுப்பு என்று சொல்லி அதைக் கொட்ட முடியுமா? குறித்த நாளில் ஒரு குப்பியில் ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு வரும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பார்கள். சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு நிறமாலைக் கருவியில் வைத்து உலோகங்களை அளப்பார்கள். செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் ஏறினால் லைனர், ரிங். அலுமினியம் என்றால் பிஸ்டன். சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. எஞ்சினைப் பிரிக்காமலே எஞ்சினுக்குள் போய் வந்துவிடுவார்கள். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே 1946-லேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டது என்பதைப் பின்னாளில் படித்தேன்.

சித்தப்பா எனக்கு ஒரு கட்டு வடிதாள் கொடுத்தனுப்பினார். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பயன்படுத்துகிற அதே தாள். சூடான எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு விட்டு, தாளைத் தரையில் படாமல் ஒரு டம்ளர் வாய்மீது சில மணி நேரம் வைத்துவிட வேண்டும். கரி பரந்து, சாம்பல் நிற வட்டமாக ஓரம்வரை கரைந்து போயிருந்தால், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் ஆயில் உயிரோடு இருக்கிறது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கூர்மையான கோடு, அதற்கு வெளியே வெறும் எண்ணெய்க் கசிவு மட்டும் என்றால், கரியைப் பிரித்து வைக்கும் சக்தி போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். இது பெரிய கருவிக்கு ஈடாகாது. ஆனால் விரலையும் கண்ணையும்விட நூறு மடங்கு யோக்கியமானது.

எதைப் பார்ப்பது?

முதலில் அளவு. நான் பிரித்த இறுகிப்போன எஞ்சின்களில் பெரும்பாலானவை கெட்ட ஆயிலால் செத்தவை அல்ல, ஆயில் குறைந்து செத்தவை. பைக்கில் மொத்தமே ஒரு லிட்டர் அளவுதான். அதில் கால் லிட்டரை எஞ்சின் சாப்பிட்டுவிட்டால்? நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அளவைப் பார்ப்பதில்லை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பாருங்கள்.

அளவு ஏறியிருந்தால் இன்னும் ஆபத்து. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கலாம். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு இது அதிகம். கம்பியில் ஆயில் உயர்ந்து டீசல் வாடை அடித்தால் அதை ஓட்டக்கூடாது. அந்த வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைவான ஆயிலைத்தான் ஊற்றவும் வேண்டும். பழைய வகை ஆயிலும் புதிய வகை ஆயிலும் பார்வைக்கு ஒரே பழுப்புதான். தவறானதை ஊற்றினால் வடிகட்டி மெல்ல அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, டப்பா. எஸ்ஏஇ என்று போட்டிருப்பது பிசுக்கின் அளவு மட்டுமே, தரத்துக்குச் சான்று அல்ல. ஏபிஐ என்று போட்டிருப்பதுதான் தரத்தின் படி. இந்தியத் தர நிர்ணயத்தில் எஞ்சின் ஆயிலுக்கு ஐஎஸ் 13656 இருக்கிறது. ஏபிஐ அமைப்பே காலாவதியானது என்று ஒதுக்கிவிட்ட சிஎஃப்-4 ஆயிலைப் புது லாரிக்கு ஊற்றிவிட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நிறம் பேசும் நேரமும் உண்டு. பால் காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் அல்லது கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். (கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த இடத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியின் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய்போல ஒட்டியிருந்தால் பதறவேண்டாம், அது நீராவி.) வெயிலில் பிடித்தால் ஜரிகைபோல மினுமினுத்தால் உலோகம் உதிர்கிறது. அன்றைக்கே எஞ்சினைத் திறக்க வேண்டும். கறுப்பு செய்தியே இல்லை. வெளுப்பும் மினுமினுப்பும்தான் செய்தி.

எங்கே போகிறது அந்த ஆயில்?

"சீக்கிரம் மாத்துனா என்னண்ணே நஷ்டம்? எஞ்சினுக்கு நல்லதுதானே?" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. பைக்காக இருந்தால் சோதனை, கீதனை என்று மெனக்கெடுவதைவிடப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரில் மாற்றிவிடுவதே மலிவு. ஆனால் பதினைந்து, இருபது லிட்டர் பிடிக்கும் லாரிக்காரரின் கணக்கு வேறு. பழைய லாரிகளுக்குப் பத்தாயிரத்துக்கு ஒரு முறை என்றிருந்தது. இப்போது வரும் லாரிகளுக்கு நாற்பதாயிரம், அதற்கும் மேல் என்று கம்பெனியே சொல்கிறது. கறுப்பைக் கண்டு பாதியில் வடிக்கிற ஒவ்வொரு முறையும் அவர் தன் லாபத்தைத்தான் வடிக்கிறார்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் சூழ்ந்த பூமி இது. இங்கே ஒற்றை லாரி வைத்திருப்பவர் ஒரு குப்பியில் ஆயிலை எடுத்துக்கொண்டு போய், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு மாலையில் சீட்டு வாங்கிவரும்படியான ஒரு கவுண்டர் என் கண்ணில் பட்டதில்லை. பெரிய கம்பெனிகள் தங்கள் வண்டிகளுக்குச் செய்துகொள்கின்றன. ரயில்வே பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. லாரி உரிமையாளர் சங்கங்களும் நம் ஊர் பாலிடெக்னிக்குகளும் சேர்ந்தால் நடக்காத காரியமா? பையன்களுக்குப் படிப்பு, லாரிக்காரருக்கு உண்மை. அரசு முதல் கருவிக்கு உதவினால் போதும்.

டீயைக் குடித்து முடித்த தம்பி மூலையில் இருந்த இரும்பு டிரம்மைப் பார்த்தார். "இந்தப் பழைய ஆயில் எல்லாம் எங்கண்ணே போகுது?"

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் அதில் பொறுப்பு வந்திருக்கிறது. ஆனால் என் பட்டறை வாசலுக்கு வருவது மொபெட்டில் கேன் கட்டிய ஆள்தான். லிட்டருக்கு விலை சொல்வார், கையில் காசு வைப்பார், காகிதம் கேட்கவும் மாட்டார், தரவும் மாட்டார். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், வேலிக்காலில் கரையான் ஏறாமல் தடவவும் போவது கொஞ்சம்தான். மீதி எங்கே போகிறது என்று பல வருடம் நான் கேட்டதில்லை. 2009-ல் வந்த அந்தத் தேன் நிற பக்கெட்டில் என் டிரம்மில் வடித்த ஆயிலும் கலந்திருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கறுப்பு என்று நாம் அவசரப்பட்டுக் கொட்டுவதுதான் போலிக்காரனின் மூலப்பொருள். அவன் அதை வெளுத்துக் கொடுக்கிறான். நாம் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

இரண்டு வருடமாக, ரசீது கொடுக்கிற ஆளிடம் மட்டும்தான் நான் கழிவு ஆயிலைப் போடுகிறேன். லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவாகத்தான் கிடைக்கிறது.

தம்பியின் காரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் விட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை ஃபோனில் படம் அனுப்பினார். ஓரம்வரை பரந்த சாம்பல் வட்டம். கீழே ஒரே ஒரு வரி: "சரிதாண்ணே."

திங்கட்கிழமை அவர் காருக்கு ஊற்றிய ஆயிலின் காலி டப்பா மேசைக்கு அடியில் அப்படியே கிடந்தது. லேபிள் கிழியாமல், மூடி புதுசு மாதிரி. பழைய இரும்புக்காரர் அதற்குத் தனி விலை கொடுப்பார். ஆணியை வைத்து அடியில் இரண்டு ஓட்டை போட்டு, கூடையில் எறிந்தேன்.